ஒரு சுமைத் தூரம்

பிழை என்னுடையது என்று பலர் முன்னே தலை நிமிர்ந்து சொல்லும் துணிவு, வீரங்களுள் எல்லாம் அரிய வீரம். வாளெடுத்தவனுக்கு எதிரே பகைவன் ஒருவன் நிற்கிறான். இந்த வீரத்தைக் கைக்கொண்டவனுக்கோ எதிரே நிற்பவன் அவனேதான். அவ்வரிய குணம் சங்கரன்கோவிலில், பருத்திக்கொட்டைச் சரக்கை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்றில், லாரிக்கும் அடுக்குக்கும் இடையே நாள்தோறும் மூடை சுமந்து நடக்கிறது. அதன் பெயர் சண்முகையா.

வயது ஐம்பத்து மூன்று. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். தந்தையின் தொழிலே தமக்கும் தொழிலாக, பத்தொன்பதாம் வயதில் தலையில் சும்மாடு வைத்தவர். பிறருக்கு ஐம்பது கிலோ மூடையை இருவர் தூக்கிவிட வேண்டும். இவருக்கு ஒருவர் கைகொடுத்தால் போதும். மனைவி பேச்சித்தாய் காலையில் பிச்சித் தோட்டத்தில் பூப்பறிப்பார். மாலையில் ஆடுகளுக்குப் புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார். மகன் லிங்கேஷ் திருப்பூரில் பனியன் ஆலையில் இருக்கிறான். மகள் ராஜகுமாரி திருநெல்வேலியில் செவிலியர் படிப்பில் இருக்கிறாள்.

இக்குடும்பத்தார் தை மாதக் கடைசி வெள்ளியன்று ஒரு செங்கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, கருப்பட்டியும் பச்சரிசியும் படைத்து வணங்குவார்கள். அவர்கள் வணங்கும் தெய்வம் இவர் தாத்தாவின் தாத்தாவைப் பெற்ற தாய். சொரிமுத்து என்பவரின் மனைவி. சிவகிரிக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலையின் வழியாகக் கருப்பட்டிப் பெட்டியைத் தலையிலேற்றி மலையாளச் சீமைக்குப் போகும் கூட்டத்தோடு அவளும் போவாளாம். மூன்று வயது மகனை வீட்டில் விட்டுவிட்டு, வயிற்றில் நிறைமாதக் கருவோடு போன ஒரு பயணத்தில், மலைப்பாதையிலேயே விழுந்து உயிர் நீத்தாள். கணவன் அங்கே ஒரு சுமைதாங்கிக் கல் நாட்டினான்.

ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவனுக்குக் கல் நட்டு, பேரும் பெருமையும் பொறித்து, மாலை சூட்டிய தமிழ்நிலம் இது. சூலோடு இறந்த பெண்ணுக்கும் இந்நிலம் கல் நட்டிருக்கிறது. இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தினால் அது சுமைதாங்கி. நெற்றி உயரத்தில் நிற்கும். வழிப்போக்கர் பிறர் துணையின்றித் தம் தலைச்சுமையை அதன்மேல் சரித்து இளைப்பாறலாம். இறக்கி வைக்காத சுமையோடு போன உயிரின் பாரத்தை, வழிநடப்போர் ஒவ்வொருவரும் இறக்கும் சுமை சிறிது சிறிதாகக் குறைக்கும் என்பது நம்பிக்கை. வீரனின் கல் கண்டு வணங்குவதற்கு. இக்கல்லோ கழுத்து நோவார்க்குத் தோள் கொடுப்பதற்கு! எண்ணிப் பார்த்தால் மெய் சிலிர்க்கிறது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ராஜேஸ்வரி, ஞாயிறுதோறும் சிலரைச் சேர்த்துக்கொண்டு பழைய கல், குளம், மண்டபம் தேடி நடப்பவர். அவர் மலையடிவாரத்துப் பழைய சுமைப்பாதையைத் தேட வனத்துறையிடம் அனுமதி பெற்றிருக்கிறார் என்று கேள்வியுற்று, சண்முகையா வேலை முடிந்த கையோடு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"டீச்சர், நாங்க கும்பிடுத சாமிக்குப் பேர் தெரியாது. அவ புருசன் பேர் தெரியும், மகன் பேர் தெரியும். அவ பேரை மட்டும் எங்க ஆளுக மறந்துட்டாங்க. கல்லுல வெட்டியிருக்காம். கல்லு மலையில இருக்கு. என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"மலையில எங்கன, அண்ணாச்சி?"

"அடிக்கல்லுக்கு மேல ஒரு சுமைத் தூரம். அப்படித்தான் எங்க அய்யா சொல்லுவாரு."

மலையடியில், எலுமிச்சைத் தோப்பின் ஓரத்தில், சுமைதாங்கி ஒன்று இன்றும் நிற்கிறது. அதுவே அடிக்கல். அதிலிருந்து சுமையை எடுத்தால் அடுத்து இறக்கும் இடம்வரை ஒரு சுமைத் தூரம். அத்தூரம் எத்தனை அடி என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஆசிரியை தாம் படித்த நூல்களையெல்லாம் நினைவில் புரட்டிப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார்.

"எதுக்கு டீச்சர் புஸ்தகம்? நான் சுமந்து காட்டுதேன்" என்றார் சண்முகையா.

இரண்டு நாள்களுக்கு அனுமதி. ஆறு பேர் வரை போகலாம்; காலை ஒன்பதுக்குப் புகுந்தால் மாலை நான்குக்குள் வெளியே வந்துவிட வேண்டும்; வனக்காவலர் ஒருவர் உடன் வருவார். மாசி பிறந்தால் காட்டுத்தீக் காலம், பிறகு எவருக்கும் வழியில்லை. அடுத்த ஆண்டு அனுமதி கிடைக்குமா என்பதற்கு உறுதி சொல்வாரும் இல்லை. எனவே அவள் பெயர் அந்த இரண்டு பகல்களுக்குள் கிடைத்தால் உண்டு; இல்லையேல் இல்லை.

தை மாதத்து வெண்பனி இன்னும் தோப்பின்மேல் படிந்திருந்த முதல் நாட் காலையில், வனக்காவலர் பிரின்ஸ் அடிக்கல்லருகே காத்திருந்தார். சண்முகையா மினி பஸ்ஸிலிருந்து இறங்கிய கோலத்தைக் கண்டு அவர் வாய்பிளந்தார். தலையில் ஐம்பது கிலோ பருத்திக்கொட்டை மூடை.

"அண்ணாச்சி, நீங்க கல்லு பாக்க வாரீங்களா, லோடு இறக்க வாரீங்களா?"

"ஒரு சுமைத் தூரம் எவ்வளவுன்னு டீச்சர் புஸ்தகத்துல இல்ல சார். என் கழுத்துல இருக்கு."

"நல்லாக் கட்டியிருக்கீங்களா? ஒரு கொட்டை சிந்துச்சு, நாளைக்கு யானை என் வீட்டு அட்ரஸை விசாரிச்சுக்கிட்டு வந்துரும்."

உடன் வந்த ஆஷிக் அலி பேருந்து நிலையத்தருகே செல்போன் கடை வைத்திருப்பவர். குழுவின் வரைபடமும் அளவும் அவர் பொறுப்பு. போனை உயர்த்திப் பிடித்து, "நடங்க அண்ணாச்சி, ஒவ்வொரு அடியும் இதுல எண்ணும்" என்றார்.

சண்முகையா அடிக்கல்லின்மேல் மூடையைச் சாய்த்து, ஒரு கணம் கைகூப்பி, மீண்டும் தலையில் ஏற்றினார். என்ன நடை அது! கிட்டங்கியில் பழகிய அந்த நடை ஓட்டத்துக்குச் சற்றே குறைந்தது. காவலர்கள் ரோந்து போகும் ஒற்றையடித் தடத்தில், செங்குத்தாக ஏறினார். மற்ற மூவரும் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தனர். நானூற்றுப் பன்னிரண்டாம் அடியில் நின்றார். தட்டையான பாறை ஒன்றின்மேல் மூடை தொப்பென விழுந்தது.

"இங்கனதான்! இதுக்கு மேல ஒரு அடி போகாது."

தேடினார்கள். சருகைக் கிளறினார்கள், புதரை விலக்கினார்கள். ஒரு மணி நேரம் கழிந்தபின், ஆஷிக் அலியின் குரல் காட்டை அதிரச் செய்தது. "டீச்சர்! கிடைச்சிருச்சு! கல்லுல எழுத்து இருக்கு!"

எல்லாரும் ஓடினர். சண்முகையா முள்ளில் வேட்டி கிழிந்ததையும் அறியாமல் முன்னே ஓடினார். முழங்கால் உயரக் கல். அதில் வெள்ளைச் சாயத்தில் இருபத்தேழு என்ற எண்.

பிரின்ஸ் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "தம்பி, அது எங்க டிபார்ட்மெண்ட் எல்லைக்கல்லு. போன வருசம் நான்தான் பெயிண்ட் அடிச்சேன்."

பிற்பகல் மூன்று மணிவரை தேடியும் சுமைதாங்கி இல்லை. வேர்வையில் நனைந்து பாறைமேல் அமர்ந்திருந்த சண்முகையாவின் முகம் சிவந்தது. "கல்லு இங்கன இருந்திருக்கு டீச்சர். எவனோ பேத்து எடுத்துட்டுப் போயிட்டான். முப்பது வருசத்துக்கு மேல சுமக்குதேன். என் கழுத்து பொய் சொல்லாது."

சுமைத் தொழில் அறிந்தவர் சொல் அது. ராஜேஸ்வரி மறுக்கவில்லை. "கல் இருந்த இடம் கண்டறியப்பட்டது, கல் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதினார். மறுநாள் வர வேண்டியதில்லை என்று பிரின்ஸிடமும் சொல்லிவிட்டார். எல்லாரும் மலையிறங்கினர்.

அன்று மாலை வெயில் சாயும் நேரம். சண்முகையா வீட்டு வாசற்படியில் அமர்ந்து கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில், புல்லுக்கட்டைத் தலையில் வைத்தபடியே, பேச்சித்தாய் எதிர்வீட்டு மாலாவோடு பேசிக்கொண்டு நின்றார். ஒரு திருமணத்தில் பரிமாறிய சாம்பாரின் குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேச்சு முடிவதாயில்லை. கணவருக்குப் பார்க்கப் பார்க்கக் கழுத்து வலித்தது.

"ஏட்டி! அதை இறக்கி வச்சுட்டுப் பேசேன். கழுத்து நோகலையா?"

"இதுக்கா?" பேச்சித்தாய் கையைக்கூட உயர்த்தாமல் திரும்பினார். "இது என்ன உங்க மூடையா, தூக்கிட்டு ஓடி, தொப்புன்னு போட? இன்னும் நாலு தெரு சுத்திட்டு வரச் சொன்னாலும் வருவேன்."

"எவ்வளவு இருக்கும் அது?"

"இருபது கிலோ இருக்கும். ராஜகுமாரி வயித்துல இருக்கையில தூக்குனதும் இதே கட்டுத்தான். அப்ப மட்டும் கேட்டீங்களாக்கும்!"

மாலா சிரித்தார். சண்முகையா சிரிக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணம் கவிழ்வதையும் பாராமல் எழுந்து நின்றார். நிறைமாதக் கருவுற்றவள் ஐம்பது கிலோவையா மலைமேல் கொண்டு போயிருப்பாள்? நெடுவழி நடக்கும் பெண்ணின் சுமை, பேசிக்கொண்டே நடக்கத்தக்க சுமையன்றோ! கிட்டங்கியில் லாரிக்கும் அடுக்குக்கும் இடையே நாற்பது அடி. அங்கே பாரம் மிகுதி, தூரம் குறைவு. மலைவழியிலோ தூரம் மிகுதி, பாரம் குறைவு. மூடை சுமப்பவர் அன்றி வேறெவரும் செய்ய முடியாத பிழையை அவர் செய்திருந்தார்.

வேறொருவராயிருந்தால் இதை மனத்துக்குள்ளேயே புதைத்திருப்பார். கல்லை எவனோ எடுத்துப்போனான் என்ற சொல் ஏட்டில் ஏறிவிட்டது, உடன் வந்தவர்கள் நம்பிவிட்டனர், மானத்துக்கும் பழுதில்லை. சண்முகையா போனை எடுத்தார். தெருவில் நின்று, மாலாவும் பிறரும் கேட்கவே பேசினார்.

"டீச்சர், எழுதுனதை அடிங்க. நான் சொன்னது தப்பு. கல்லை எவனும் எடுக்கல. இன்னைக்கு நான் சுமந்தது என் சுமை டீச்சர், அவ சுமை இல்ல. நாளைக்கு எம் பொஞ்சாதி சுமப்பா. எப்படியாவது அந்த சார்ட்ட சொல்லி வரச் சொல்லுங்க."

பேச்சித்தாய் தலைச்சுமையோடு அப்படியே நின்றார். "நான் எப்ப வாரேன்னு சொன்னேன்?"

"வருவியா மாட்டியா?"

"வராம? ஆனா வழியில யாரும் என்னைப் பேசாதேன்னு சொல்லக்கூடாது."

இரண்டாம் நாள். விடுப்பு என்று எண்ணியிருந்த பிரின்ஸ் நண்பகல் கடந்தபிறகே கொட்டாவியோடு வந்து சேர்ந்தார். "என்ன அண்ணாச்சி, உங்க கழுத்து பொய் சொல்லாதுன்னீங்க?"

"கழுத்து பொய் சொல்லல சார். நான்தான் அதுகிட்ட வேற கேள்வியைக் கேட்டுட்டேன். தப்பு என்னோடது."

பிரின்ஸ் அதற்குமேல் கேலி செய்யவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னே நடந்தார்.

பனையோலைப் பெட்டியில் இருபது கிலோ ரேஷன் அரிசி. அடிக்கல்லிலிருந்து பேச்சித்தாய் அதைத் தலைக்கு மாற்றிக்கொண்டார். நடை தொடங்கிற்று, பேச்சும் தொடங்கிற்று. பிச்சிப்பூ விலை, மகளின் விடுதிச் சாப்பாடு, கல்யாணச் சாம்பார் வழக்கின் எஞ்சிய பகுதி எல்லாம் மலையேறின. முதல் நாள் மூடை விழுந்த தட்டைப்பாறை வந்தது.

"இதுதான் உங்க கல்லா?" என்று ஓரக்கண்ணால் கேட்டார்.

"நட, நட" என்றார் சண்முகையா.

பாறைக்கு அப்பால் ரோந்துத் தடம் தாழ்ந்த கிளைகளின் அடியில் நுழைந்து, செங்குத்தாக மேலே ஏறியது. பிரின்ஸ் குனிந்து நுழைந்தார். பேச்சித்தாய் நின்றுவிட்டார்.

"இங்கன எப்படிப் போக? குனிஞ்சா பெட்டி விழுந்துராதா?"

"வழி அதுதான் அக்கா" என்றார் பிரின்ஸ்.

"உங்க வழி அது. தலையில சுமை இருக்கிறவளுக்கு அது வழியே இல்ல." அவர் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் சுழற்றினார். பிறகு இடப்பக்கம், பாறையை வளைத்துக்கொண்டு, மரங்கள் உயர்ந்து விலகி நின்ற சரிவில் கால்வைத்தார். ஏற்றம் மெல்லியதாயிற்று. குனியவும் வேண்டியதில்லை, கையூன்றவும் வேண்டியதில்லை. இருபதடி போனதும் ஆஷிக் அலியின் செருப்பு எதிலோ தடுக்கிற்று. சருகை விலக்கினார். கல். பக்கத்தில் இன்னொரு கல். அடுத்தடுத்து, ஒழுங்காகப் பதித்த கற்கள்!

"டீச்சர்! ரோடு! கீழ ரோடு இருக்கு!"

ராஜேஸ்வரி மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தார். எத்தனையோ பாதங்கள் தேய்த்து வழுவழுப்பாக்கிய கற்கள். இரண்டாண்டுகளாக வரைபடங்களில் அவர் தேடிய சுமைப்பாதை, சுமையோடு வந்த ஒரு பெண்ணின் கால்களுக்குத் தானாகவே வந்து வாய்த்தது. எல்லார்க்கும் நடையில் துள்ளல் பிறந்தது. ஓடை ஒன்று குறுக்கிட்டது; அதில் காலடி வைக்கும் அளவுக்குச் சரியாகக் கற்கள் கிடந்தன. கடந்தார்கள். ஆயிரம் அடி கடந்தது, ஆயிரத்தைந்நூறும் கடந்தது. பேச்சித்தாயின் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது.

"இவ பேச்சை நிறுத்திட்டா, கல்லு பக்கத்துலதான் இருக்கு" என்று சண்முகையா ஆசிரியையிடம் காதோடு சொன்னார்.

மணி இரண்டரை. "மூணு மணிக்குத் திரும்பியாகணும்" என்றார் பிரின்ஸ். பாதை ஒரு திருப்பத்தில் வளைந்து, காட்டுக்கொடிகள் மூடிய புதர் ஒன்றன் அருகே சிறிது அகன்றது.

"ஏங்க, முடியல. பிடிங்க" என்றார் பேச்சித்தாய். சண்முகையா பத்தடி பின்னால் இருந்தார். அவர் வந்து சேரும்வரை கழுத்து பொறுக்கவில்லை. எதிரே நெற்றி உயரத்துக்கு எழுந்து நின்ற கொடிப்புதரின்மேல், தாங்கினால் தாங்கட்டும் என்று, பெட்டியை மெல்லச் சரித்தார்.

புதர் தாழவில்லை.

இருபது கிலோ அரிசிப்பெட்டி கொடிகளின்மேல் அசையாமல் நின்றது! பேச்சித்தாய் கையை எடுத்தார். மீண்டும் வைத்தார். மீண்டும் எடுத்தார். "ஏங்க..." என்று கணவரை அழைத்தார். சண்முகையா பாய்ந்து கொடிகளை இரு கைகளாலும் விலக்கினார். உள்ளே கரிய பலகைக் கல். அதன் கீழே இரண்டு கால்கள், நூற்றறுபது ஆண்டு மழைக்கும் சாயாமல்.

"வேரை அறுக்காதீங்க, கொடியை மட்டும் விலக்குங்க!" என்று கத்திய பிரின்ஸ், தாமும் விலக்குவதில் முனைந்தார். பாசியை ஈரத்துணியால் துடைத்தார்கள். ராஜேஸ்வரி சாக்பீஸ் பொடியைத் தடவினார். ஆஷிக் அலி போன் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஆசிரியையின் விரல் அவற்றின்மேல் நகர்ந்தது.

"கொல்லம்... ஆயிரத்து நாப்பத்தொண்ணு. தை மாசம்." அன்று இப்பக்கம் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கு அது; நூற்றறுபது ஆண்டு முந்தையது. "சொரிமுத்து பெண்சாதி..."

"எங்க ஆளுதான்! எங்க ஆளுதான்!" என்று கூவினார் சண்முகையா.

"இருங்க அண்ணாச்சி. அடுத்த எழுத்து சிதைஞ்சிருக்கு. தம்பி, விளக்கைக் கீழ பிடிங்க. வெ... யி... லு..." விரல் நின்றது, திரும்பிச் சென்றது, மீண்டும் வந்தது. "வெயிலுகந்தாள். சொரிமுத்து பெண்சாதி வெயிலுகந்தாள் பேரால் சுமைதாங்கி உபயம்."

சண்முகையா அழுவார் என்று எல்லாரும் எண்ணினர். அவரோ குழந்தைபோல் வாய்விட்டுச் சிரித்தார். "வெயிலுகந்தா! ஏட்டி, கேட்டியா? வெயிலுகந்தா!" என்று மனைவியின் தோளைக் குலுக்கினார். ஆஷிக் அலியைச் சொல்லச் சொன்னார். பிரின்ஸைச் சொல்லச் சொன்னார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வனக்காவலர், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "வெயிலுகந்தாள்" என்று தெளிவாகச் சொன்னார். பேச்சித்தாய் ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு கை அரிசியை அள்ளிப் பலகைக் கல்லின்மேல் வைத்து, குனிந்து நெற்றியை ஒற்றினார்.

நான்கு மணிக்குச் சரியாக அவர்கள் தோப்பருகே வந்து சேர்ந்தார்கள். தோப்புக் காவல்காரருக்கும் சண்முகையா அந்தப் பெயரைச் சொன்னார். சிவகிரியில் தேநீர் ஆற்றியவருக்கும் சொன்னார். சங்கரன்கோவில் பேருந்தில் நடத்துநர் வந்து நின்றதும், "எங்க ஆத்தா பேரு வெயிலுகந்தா, சார்!" என்றார்.

"நல்ல பேரு அண்ணாச்சி. டிக்கெட் எத்தனை?"

"நாலு" என்றார் சண்முகையா. பிறகு, மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்து, பேருந்து முழுவதும் கேட்க அப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினார்.

அவ்வாண்டுத் தைக் கடைசி வெள்ளியன்று, மஞ்சள் பூசிய செங்கல்லின் முன்னே, ஆறு தலைமுறையாக விடுபட்டிருந்த பெயர் அவ்வீட்டில் ஒலித்தது. சங்கரன்கோவிலில் சங்கரனாரோடு ஒருமேனியாய் நின்ற நாரணரும், ஊசிமுனையில் நின்று தவம் இயற்றி அக்காட்சி கண்ட கோமதித் தாயும் அவ்வில்லத்தைக் காக்க! அவ்வீட்டார் தலையேறும் சுமை யாதாயினும் அதை இறக்கும் இடம் தவறாமல் வாய்க்க! லிங்கேஷின் கையில் தொழில் நிலைக்க. ராஜகுமாரியின் கை தொட்ட நோய் விலக. பேச்சித்தாயின் நாவில் பேச்சும் சண்முகையாவின் நாவில் மெய்யும் நூறாண்டு குறையாதிருக்க. வெயிலுகந்தாள் வழிவந்த மனை வாழ்க, வளர்க!